பரம்பரைக் கரண்டி

என் சகலைக்கு ஒரு கொள்ளுத்தாத்தா கிடைத்தது பழைய அலமாரி ஒன்றின் இழுப்பறைக்குப் பின்னாலிருந்து. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுவரை அவருக்குத் தாத்தா மட்டும்தான் இருந்தார். அந்தத் தாத்தாவும் ஆணி, தாழ்ப்பாள் விற்றுப் பிழைத்தவர் என்பதால் அவரைப் பற்றிச் சகலை வாயே திறக்க மாட்டார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். குளியலறை டைல்ஸ் வியாபாரி. ஊரில் யார் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாலும் அதில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அந்த வருமானத்தில் அவர் கட்டிய வீட்டில், சமையலறையிலிருந்து கிளம்பிய காபி கூடத்துக்கு வந்து சேரும்போது ஆடை கட்டியிருக்கும். மாடிப்படியின் பாதியில் மூச்சு வாங்க ஒரு சோபா போட்டிருந்தார். எல்லாம் இருந்தும் மனிதருக்கு ஒரு குறை. வீட்டில் எல்லாமே புதுசு. அவரும் புதுசு. 'புதுப் பணக்காரன்' என்று ஒரு கல்யாணக் கூட்டத்தில் யாரோ முதுகுக்குப் பின்னால் சொன்னது காதில் விழுந்த நாளிலிருந்து அவர் பழசாகிவிடுவது என்று முடிவு செய்தார்.

லாரி லாரியாகப் பழம்பொருள் வந்து இறங்கியது. ஓடாத கடிகாரங்கள், சுடாத துப்பாக்கி, யார் வீட்டு மாமியாரோ ஒருத்தியின் ஆளுயர எண்ணெய் ஓவியம். அந்த அம்மாள் கூடத்துச் சுவரில் இருந்துகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் யார் நீ என்று கேட்பதுபோல் முறைப்பாள். சகலை அவளை 'அம்மா வழி உறவு' என்பார். பேச்சுக்குப் பேச்சு 'பரம்பரை பரம்பரையா' என்பார். குடும்பத்துக்குள் அவருக்குப் பெயரே பரம்பரை என்று ஆகிவிட்டது.

அந்த அலமாரி, ஒரு மாளிகையைக் காலி செய்தபோது ஏலத்தில் எடுத்தது. யானையையே ஹேங்கரில் மாட்டி உள்ளே தொங்கவிடலாம், அவ்வளவு பெரிசு. இறக்கி வைத்த அன்று ஓர் இழுப்பறை மட்டும் முழுசாக மூட மறுத்தது. சகலை தோள்பட்டை வரை கையை விட்டுத் துழாவி, மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி ஒரு தோல்பெட்டியை வெளியே எடுத்தார். உள்ளே நிறம் செத்த சிவப்பு வெல்வெட்டில் ஒரு கத்தியும் ஒரு முள்கரண்டியும் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தன. பக்கத்தில் காம்பே இல்லாத ஒரு கரண்டிக் கிண்ணம். எல்லாம் வெள்ளி.

அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் பயணம் போகும்போது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன மடக்குச் சாமான். கத்தியின் அலகு மடங்கிக் கைப்பிடிக்குள் ஒளிந்துகொள்ளும். முள்கரண்டியின் நடுக்காம்பில் ஒரு கீல். நிமிர்த்தி, ஒரு வளையத்தை மேலே தள்ளினால் சிப்பாய் மாதிரி விறைத்து நிற்கும். கரண்டிக் கிண்ணத்தின் முதுகில் சின்னச் சின்னக் கண்ணிகள். அவற்றுக்குள் முள்ளின் பற்களைச் செருகினால் முள்கரண்டியே கரண்டியாகிவிடும்.

வேலைப்பாட்டைச் சொல்லி மாளாது. கைப்பிடி முழுக்கத் திராட்சைக் கொடி ஏறியிருந்தது. பழம் ஒவ்வொன்றும் கடுகில் பாதி. கொடிக்கு நடுவே கன்னம் உப்பிய இரண்டு இறக்கைக் குழந்தைகள். ஒன்று குழல் ஊதியது. இன்னொன்று சும்மா வாயைத் திறந்து வைத்திருந்தது. கிண்ணத்தின் முதுகில் ஒரு கேடயம். அதற்குள் தன் நெஞ்சைத் தானே கொத்திக்கொள்ளும் ஒரு பறவை. முள்கரண்டிக் கைப்பிடியின் உச்சியில், கட்டைவிரல் நகம் உயரத்துக்கு ஒரு பெண், இடுப்பில் கை வைத்து நின்றாள். யாரோ ஒரு தட்டான் அந்தப் பெண்ணின் முழங்கை மடிப்பைக்கூட விடவில்லை.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதையைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவன். எரியாத கடை எரியும், இல்லாத மாடு சாகும். அதனால் பொய் என்றால் எனக்குக் கோபம் வராது. ஒரு பொய் நல்லபடியாக வளர்ந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பாஸானது மாதிரி ஒரு சந்தோஷம். சகலையின் பொய் என் கண் முன்னால் வளர்ந்தது. முதலில், "எங்க வீட்ல கிடைச்சது" என்றார். அது சத்தியம். கொஞ்ச நாள் கழித்து, "எங்க வீட்ல இருந்தது" என்றார். அதையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. பிறகு ஒருநாள், "எங்க வீட்ல இருந்துகிட்டே வந்தது" என்றார். அவ்வளவுதான், கொள்ளுத்தாத்தா பிறந்துவிட்டார். வினைச்சொல்லை லேசாக இழுத்தே ஒரு வம்சத்தைப் பெற்றெடுத்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறந்தவர் மளமளவென்று வளர்ந்தார். ராஜாக்களுக்கு யோசனை சொன்னார். கப்பலேறினார். போன இடமெல்லாம் விருந்து. விருந்துக்கெல்லாம் இந்தக் கரண்டி. கேடயத்துப் பறவை குடும்பச் சின்னம் என்றும், பிறருக்காகத் தன் நெஞ்சையே கிழித்துக் கொடுக்கிற குணம் தங்கள் ரத்தத்திலேயே உண்டு என்றும் சகலை சொன்னார். என் கண்ணுக்கு அது பேன் பார்த்துக்கொள்கிற கோழியாகத்தான் தெரிந்தது. இரண்டு குழந்தைகளும் கொள்ளுத்தாத்தாவின் இரட்டைப் பிள்ளைகளாம். அப்படியானால் இறக்கை எதற்கு என்று நான் கேட்டேன்.

"அது மரியாதைக்குப் போடறது அண்ணே" என்றார்.

ஒருநாள் துடைக்கும்போது அந்த உச்சிப் பெண்மணி கையோடு திருகிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு அடியில் கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய வெள்ளிக் கம்பி. அதன் நுனியில் எறும்புக்குத் தொட்டில் கட்டினது மாதிரி ஒரு குட்டிக் கரண்டி. அரிசி மணி ஒன்றுதான் அதில் உட்காரும். சகலை அதற்கும் அன்று சாயங்காலத்துக்குள் ஒரு கதை வைத்திருந்தார். கொள்ளுத்தாத்தா எதையும் முதலில் அந்தக் கரண்டியால் ஒரு துளி ருசி பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அவ்வளவு நுட்பமான நாக்கு.

இந்தக் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரே ஓர் எதிரி, அவருடைய மூத்த கொள்ளுப்பேரன். அதாவது சகலையின் அண்ணன். குழாய்க்கடை வைத்திருந்தார். உள்ளதை உள்ளபடி சொல்லிக் குடும்பத்தில் எல்லோருக்கும் எரிச்சல் மூட்டுகிற மனுஷர். தம்பி கதையை ஆரம்பித்தாலே, "நம்ம வீட்ல ஸ்பூன் ஏதுடா? மருந்து குடிக்கவே பாட்டில் மூடிதானே" என்று போட்டு உடைப்பார். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது.

இந்த நிலைமையில் அருங்காட்சியகத்தில் வீட்டுப் பொருள்களுக்கென்று தனிக்கூடம் திறக்கப் போவதாகச் சகலைக்குச் செய்தி வந்தது. சகலைக்குத் தூக்கம் போயிற்று. கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெல்வெட், அதற்கு மேலே விளக்கு, கீழே 'இன்னார் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து' என்று ஓர் அட்டை. அந்த அட்டை மட்டும் வந்துவிட்டால் அப்புறம் எந்தக் கல்யாணக் கூட்டத்தில் எவன் என்ன சொல்ல முடியும்? வாயால் சொன்னால் பீற்றல். கண்ணாடிக்குள் போய்விட்டால் சரித்திரம். உடனே தகவல் அனுப்பினார். கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்ல, மதியச் சாப்பாட்டுக்கே கூப்பிட்டுவிட்டார். நானும் என் மனைவியும் குடும்பப் பெரியவர்களாக உட்கார வேண்டும் என்று உத்தரவு.

வந்தவர் சின்ன வயதுப் பெண். சிரிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டிய இடத்தில் வேலை பார்க்கிறவர்போல ஒரு முகம். சூப் வந்தும் தொடாமல், வெள்ளை நூல் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கீலை மடக்கினார், நிமிர்த்தினார். பழங்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார். சகலை உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெள்ளி எங்ககிட்ட நிறைய இருக்கு சார்" என்றார் அந்தப் பெண். "இதைவிட நல்லதே இருக்கு. ஆனா யார் வெச்சிருந்தாங்க, எப்படிப் புழங்கினாங்கன்னு தெரியாத பொருளை இந்தக் கூடத்துல எடுக்கறதில்ல. குடும்பத்துல இதை எப்படி உபயோகப்படுத்தினாங்கன்னு சொல்லுங்க."

இதைவிட ஒரு கண்ணுக்குட்டியிடம் போய் வைக்கோல் வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். சகலை ராஜாவில் ஆரம்பித்துக் கப்பல் வழியாக வந்தார். அந்தப் பெண் ஒரு வரி விடாமல் எழுதினார். இதைக் குடும்பத்தில் வேறு யாராவது உறுதிப்படுத்துவார்களா என்று கேட்டபோது, அண்ணன் ஒருவர் இருக்கிறார், பாவம், ஞாபக மறதி என்று சகலை பெருமூச்சு விட்டார். பிறகு நாடகத்தின் உச்சமாக, உச்சிப் பெண்மணியைத் திருகிக் கம்பியை உருவினார்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். "நுனியில இருக்கறது குறும்பிக்கரண்டிதானே சார்?"

அருங்காட்சியகத்துக்காரர்களுக்கு எதற்கும் ஒரு சுத்தமான சொல் வேண்டும். நாமெல்லாம் காது அழுக்கு என்று சொல்லிக் கையைக் கழுவிவிடுகிறதை அவர்கள் குறும்பி என்பார்கள். குறும்பிக்கரண்டி என்றால் காதுக்குள் விட்டு அதைத் தோண்டி எடுக்கிற சாமான். அந்தக் காலத்துக் கனவான்களுக்குச் சாப்பாட்டுச் சாமானோடு அதுவும் ஒன்றாகவே வந்தது. எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். அவள் மேஜைக்கு அடியில் என் கால் விரலை மிதித்தாள். சகலைக்கு மட்டும் தெரியாது. அவர் டைல்ஸ் படித்தவர்.

"அதேதான் மேடம்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவோம். கொள்ளுத்தாத்தாவுக்குக் குறும்பின்னா உசுரு. குறும்பி இல்லாம சாப்பிடவே உக்கார மாட்டாரு."

பேனா நின்றது. "சாப்பிடறதுக்கா சார்?"

"பின்ன? சூப் வந்ததும் முதல்ல குறும்பிதான். அப்புறம்தான் மத்ததெல்லாம். விருந்தாளிக்கும் தன் கையாலேயே ஒரு துளி எடுத்துக் குடுப்பாரு."

"நீங்களும் அப்படித்தானா?"

"ரத்தத்துல வந்ததாச்சே மேடம், விட முடியுமா?" சொல்லிக்கொண்டே தேன் கிண்ணத்தில் கம்பியைத் தோய்த்து, கண்ணை மூடி, நாக்கில் வைத்துச் சப்புக் கொட்டினார். அடுத்த துளியை அந்தப் பெண்ணுக்கு நீட்டினார்.

அந்தப் பெண் நாற்காலியோடு கொஞ்சம் பின்னுக்குப் போனார். என் மனைவிக்குப் புரையேறியது. புரையேறினால் தலையில் தட்ட வேண்டுமே என்று நான் தட்டினேன். அவள் தலையைக் குனிந்தவள் அந்தச் சாப்பாடு முடியும்வரை நிமிரவில்லை. அந்தப் பெண் மட்டும், நீதிமன்றத்தில் சாட்சியம் எழுதுவதுபோல், மிக நிதானமாக நீளமாக எழுதினார். இதுமாதிரி ஒரு வழக்கம் பதிவானதே இல்லை என்றும், கட்டாயம் எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று கிளம்பினார்.

இத்தகைய செய்தியை வயிற்றில் வைத்திருக்க என் மனைவி என்ன இரும்புப் பெட்டியா? வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே தங்கைக்கு போன் போட்டாள். இரண்டு பேரும் பேசவில்லை. ஒருத்தி இந்தப் பக்கம் சிரிக்க, மற்றவள் அந்தப் பக்கம் சிரிக்க, நடுவில் 'காது' என்ற ஒரு சொல் மட்டும் அவ்வப்போது கேட்டது.

மறுநாள் காலை நான் பேப்பரை விரித்த வேளையில் சகலை வந்து எதிரில் உட்கார்ந்தார். முகம் ஒட்டாத டைல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அண்ணே, குறும்பின்னா என்ன?"

"நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"குறும்படம், குறுந்தகவல் மாதிரி... சின்ன ருசி, அதான் குறும்பின்னு..."

அவருடைய இலக்கணத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கை தானாக வாய்க்குப் போய், அங்கிருந்து காதுக்குப் போய், எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் விழுந்தது. அந்த மேடம் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தெரிந்து செய்கிறவருக்கு யார் சொல்லித் தருவார்கள் என்று கேட்டேன்.

வழி என்னவோ நேரானதுதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டு, அது அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது, அப்படியொரு கொள்ளுத்தாத்தாவே கிடையாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. காது அழுக்கு போய்விடும். கூடவே அட்டையும் போய்விடும். அட்டை வேண்டும் என்றால் கொள்ளுத்தாத்தா குறும்பிக்கரண்டியால்தான் சாப்பிட்டாக வேண்டும். இதை நான் அவர் முன்னால் இரண்டு தட்டில் வைத்தேன்.

சகலை எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பினார். மறுபடி ஜன்னலுக்குப் போனார். முகத்தில் மெல்ல மெல்ல ஒரு மாற்றம் வந்தது. இல்லாத கொள்ளுத்தாத்தாவை யாரோ திட்டிவிட்ட கோபம் அது.

"நடுவுல கழுவியிருப்பாங்க அண்ணே" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அவ்வளவு பெரிய மனுஷர். காதுல விட்டதை அப்படியே வாயில வெச்சிருப்பாரா? கழுவியிருப்பாரு. வெந்நீர்லயே கழுவியிருப்பாரு. வேலைக்காரங்க எத்தனை பேரு."

"எத்தனை பேரு?"

"அது கெடக்கட்டும். நம்ம ஆளுங்க சுத்தத்துல சமரசமே பண்ண மாட்டாங்க. குளியலறை வியாபாரத்துக்கு நான் வந்ததே அந்த ரத்தத்தாலதான்."

இப்போது எனக்கே கண்ணில் நீர் தளும்பியது. ஆணி, தாழ்ப்பாள் விற்ற உண்மையான தாத்தாவுக்காக ஒருநாளும் ஒரு வார்த்தை பேசாத மனிதர், பிறக்கவே பிறக்காத ஒருவரின் காதுக்கும் வாய்க்கும் நடுவே நின்று வாதாடினார். என் எதிரிலேயே அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு, ஒரே ஒரு திருத்தம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கழுவியதற்கு ஆதாரம் உண்டா என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கே கேட்டது. "வாய்வழிச் செய்தி மேடம்" என்றார் சகலை. இதைவிடப் பொருத்தமான சொல் அவருக்குக் கிடைத்திருக்காது.

கூடம் திறந்த அன்று சகலை பட்டுச்சட்டையில் போய், தன் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் திராட்சையெல்லாம் மினுங்கியது. கத்தி பாதி மடங்கி, முள் முழுக்க நிமிர்ந்து. பூதக்கண்ணாடி ஒன்றை உள்ளேயே பொருத்தி, அதற்கு நேரே அந்தக் குட்டிக் கரண்டியை மட்டும் தனியாக நிறுத்தியிருந்தார்கள். கீழே அட்டையில் சகலையின் குடும்பப் பெயர் தங்க எழுத்தில். அதற்கும் கீழே: 'மடக்கு உணவுக்கருவிகள், வெள்ளி. கைப்பிடியினுள் காதுக் குறும்பிக்கரண்டி. நன்கொடையாளர் குடும்பத்தில் இது தலைமுறை தலைமுறையாக உணவைச் சுவைக்கவும் விருந்தினருக்கு ஊட்டவும் பயன்பட்டது. இடையில் கழுவப்பட்டதாக வாய்வழிச் செய்தி.'

வேறு எந்தப் பெட்டிக்கு முன்னாலும் ஆள் இல்லை. ராணிகளின் தட்டுகள் ஈயோட்டிக்கொண்டிருந்தன. இங்கே மட்டும் கூட்டம் நெரிந்தது. பிள்ளைகள் படித்துவிட்டு ஒன்றன் காதை ஒன்று பிடித்து இழுத்தன. ஒரு பத்திரிகைக்காரர் சகலையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, வாயைக் கொஞ்சம் திறக்கச் சொல்லிப் படம் எடுத்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வந்தவர்கள் சகலையிடம் கை குலுக்கிவிட்டு, அதே கையைப் பையில் துடைத்துக்கொண்டு போனார்கள். அவர் ஒவ்வொருவரிடமும், "பரம்பரை பரம்பரையா" என்று ஆரம்பித்தார். இந்த முறை அரசாங்கமே அவர் பக்கம்.

அப்போதுதான் வாசலில் குழாய்க்கடை அண்ணன் தெரிந்தார். பின்னாலேயே அவர் மனைவி. சகலை பதறிப்போனார். என் சட்டையைப் பிடித்து, "அண்ணே, எப்படியாவது வெளியே கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். நான் ஏன் போகப் போகிறேன்? இப்படி ஒரு காட்சியை விட்டுவிட்டு வெளியே போகிறவனுக்குக் கண் எதற்கு?

அண்ணன் கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அட்டையை உதடு அசைய, விரலை வைத்துப் படித்தார். குடும்பப் பெயருக்கு வந்ததும் விரல் நின்றது. கூட்டத்தைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். தன்னுடைய பெயரும்தானே அது. மறுபடி தங்க எழுத்தைப் பார்த்தார். அவர் மனைவி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே விலா வலித்தது.

அருங்காட்சியகப் பெண் முகச்சாயலை வைத்தே அவரைக் கண்டுகொண்டு நோட்டோடு வந்தார். அண்ணன்தானே, உங்களுக்கு இதைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று மெதுவாக, நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டார். சகலை கண்ணை மூடிக்கொண்டார். உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகிய வாய் ஒரு தடவை திறந்து, மூடி, மறுபடி திறந்தது.

"ஞாபகம் இல்லாம என்ன? அட்டையில தப்பா போட்டிருக்கீங்க மேடம்" என்றார் அண்ணன். "நான் மூத்தவன். முதல்ல நான் சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் அது அவன் கைக்கே போகும்."

அந்தப் பெண் பேனாவின் மூடியைக் கழற்றினார்.